அண்டாவில் ஊறிய அவரை

விதைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளில் எங்கள் குழுவை மிஞ்ச பெங்களூரில் ஆள் கிடையாது. விதைப்பதை மட்டும்தான் நாங்கள் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

குழு என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுப்போன கொஞ்சம் தமிழர்கள், சனிக்கிழமை காலைகளில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் கூடி, ஃபில்டர் காபி குடித்துக்கொண்டே இந்திய விவசாயத்தைக் காப்பாற்றுவோம். மற்ற நாட்களில் வாட்ஸப்பில் காப்பாற்றுவோம். அதில் எனக்கு ஒரு பதவியும் இருந்தது. விதை நேர்த்திப் பொறுப்பாளர். யாரும் கொடுத்த பதவி இல்லை. ஒருநாள் காபி ஆறுவதற்குள் ஏதாவது பேசியாக வேண்டுமே என்று, "விதைய நேர்த்தி பண்ணாம போட்டா எல்லாம் வேஸ்ட்டு சார், வீரியமே இருக்காது" என்று ஒரு வார்த்தை விட்டேன். முந்தின நாள் பல் தேய்க்கும்போது ஏதோ வீடியோவில் காதில் விழுந்தது. அன்றிலிருந்து விதை என்று யார் பேச்சை எடுத்தாலும் தலைகள் என் பக்கம் திரும்பின. வருகிற மரியாதையை வேண்டாம் என்று சொல்ல நான் என்ன மகானா? என் பரம்பரையில் விவசாயம் என்று ஒன்று இருந்ததென்றால், அது குடியாத்தத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விரிசலில் காக்கை எச்சத்திலிருந்து முளைத்த அரசங்கன்று. அதையும் அப்பா பிடுங்கிப் போட்டுவிட்டார்.

என் பொறுப்பில் நடந்த அட்டூழியங்களைக் கொஞ்சம் சொல்கிறேன்.

கடையில் பாக்கெட்டில் வாங்கும் வெண்டை விதை பெரும்பாலும் ரோஸ் கலரில் இருக்கும். பூஞ்சை பிடிக்காமலிருக்க விற்கிறவனே மருந்து பூசி, மருந்து பூசியது கண்ணுக்குத் தெரியட்டும் என்று சாயமும் சேர்த்து அனுப்புகிறான். எங்கள் குழுவில் ஓர் அம்மையார் அதைக் குழாயடியில் வைத்து, அரிசி களைவதுபோல் சாயம் போகப் போகக் களைந்து, "கெமிக்கல எடுத்தாச்சு" என்று படம் போட்டார். எல்லோரும் கைகூப்பினார்கள். நானும் கூப்பினேன். களைந்த தண்ணீரை என்ன செய்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். "வேஸ்ட் பண்ணலை சார், கறிவேப்பிலைக்கு ஊத்திட்டேன்."

டிரைக்கோடெர்மா என்று ஒன்று உண்டு. அது நல்ல பூஞ்சை. விதைமேல் பூசினால், வேரை அழுகவைக்க வருகிற கெட்ட பூஞ்சையைத் தின்று செடியைக் காப்பாற்றும். ஒரு சீனியர் ஆர்கிடெக்ட், கட்டடம் கட்டுகிற ஆர்கிடெக்ட் இல்லை, சாஃப்ட்வேர் ஆர்கிடெக்ட், காலையில் அதை விதைக்குப் பூசினார். மாலையில் அதன்மேலேயே பூஞ்சைக்கொல்லியையும் பூசினார். கேட்டால் டபுள் ப்ரொடெக்‌ஷனாம். வாசலில் வாட்ச்மேனை நிறுத்திவிட்டு, அவனையே திருடன் என்று சுட்டுத் தள்ளிய கதை. அவருக்கு நான்தான் கட்டைவிரல் காட்டி ஆமோதித்திருந்தேன். பொறுப்பாளர் அல்லவா?

நெல் விதையில் பதரைப் பிரிக்க உப்புத் தண்ணீரில் போடுவார்கள். தண்ணீரில் உப்பு போதுமா என்று பார்க்க அதில் ஒரு முட்டையை மிதக்க விடுவார்கள். கிளப் ஹவுஸில் முட்டை கொண்டுவரலாமா என்று மூன்று வாரம் விவாதித்தோம். சைவர்கள் மனம் புண்படாமல் உருளைக்கிழங்கை மிதக்கவிட்டுப் பார்ப்பதென்று ஏகமனதாக முடிவானது. நெல் விதைக்க எங்கள் யாரிடமும் ஒரு சாண் நிலம் கிடையாது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. உருளைக்கிழங்கைப் பிற்பாடு வறுத்துச் சாப்பிட்டோம்.

இவர்களை மட்டும் சொல்லி என்ன பயன்? வைட்ஃபீல்டே விதை நேர்த்தியில் நடக்கிற ஊர்தான். எல்.கே.ஜி.க்குப் போகும் முன் ப்ளே ஸ்கூல், ப்ளே ஸ்கூலுக்குப் போகும் முன் அதற்கு ஒரு பயிற்சி வகுப்பு. பிள்ளை வாயைத் திறக்கும் முன் நான்கு கரைசலில் முக்கி எடுத்துவிடுகிறார்கள். என் உத்தியோகத்தைக் கேட்டால் அதைவிடக் கேவலம். எங்கள் கம்பெனியின் சாஃப்ட்வேர் வெளியே போகத் தயாரா இல்லையா என்று அறிக்கை எழுதுவது. அறிக்கை எழுதத் தயாரா என்று பார்க்க இன்னொரு அறிக்கை உண்டு. அதையும் நான்தான் எழுதுகிறேன்.

இந்தக் கூட்டத்தில் நிலம் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்தவன் ஒருவன்தான். ஆபீஸில் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்காருகிற நண்பன். நாமக்கல்காரன், அப்பா லாரி டயர் கடை. ஆபீஸில் அவனுக்கு விவசாயி என்றே பெயர் விழுந்துவிட்டது. மாலூர் பக்கம் ஒரு கன்னடக்காரரின் நிலத்தில் ஒரு பகுதியைக் குத்தகைக்குப் பிடித்திருந்தான். மண் பரிசோதனை செய்தான். முடிவு திருப்தி இல்லையென்று இன்னொரு இடத்தில் கொடுத்து மறுபடி செய்தான். தண்ணீர் பரிசோதனை, இயற்கை விவசாயச் சான்றிதழ் வகுப்பு, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், வைக்கோல் தொப்பி, வரப்பில் போட்டு உட்கார மடக்கு நாற்காலி. மடக்கு நாற்காலியில் கப் வைக்க ஓர் ஓட்டைகூட இருந்தது. எல்லாம் இருந்தது. நிலத்தில் புல் இருந்தது.

அந்த ஆடியில் ஒரு வழியாக ராஜினாமா எழுதிக் கொடுத்தான். அதை வாபஸ் வாங்கிக்கொள்ள மேனேஜர் அவனுக்குத் திங்கட்கிழமை வரை அவகாசம் கொடுத்தார். அந்த மேனேஜருக்கும் எங்களைத் தெரியும். இவனும் ஒரு கணக்குப் போட்டான். நிலத்துக்காரர் பொறுக்கமுடியாமல் அந்தப் புல்லைத் தானே உழுது கேழ்வரகு விதைத்துவிட்டு, நடுநடுவே அவரைக்கென்று சால் விட்டு வைத்திருந்தார். அந்தச் சாலில் தன் கையால் அவரை விதைத்துவிட்டால் ராஜினாமா அப்படியே நிற்கும். அந்த வாரக் கடைசிக்குள் விதைக்கவில்லையென்றால் திங்கட்கிழமை கழுத்தில் அடையாள அட்டைப் பட்டையை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்கு.

அவன் மனைவி அதற்குச் சம்மதித்த விதம் எனக்குத் தெரியும். காரில் ஸ்பீக்கரில் பேசினாள், நான் பக்கத்தில் இருந்தேன்.

"எதையாவது ஒண்ணு பண்ணுங்க. வேலைக்குப் போறதுன்னாலும் சரி, வெவசாயம் பண்றதுன்னாலும் சரி, நான் கூட நிக்கறேன். பண்ணப்போறேன் பண்ணப்போறேன்னு சொல்லிட்டே இருக்கிற மனுசனோட மட்டும் இனி என்னால குடும்பம் நடத்த முடியாதுங்க."

"இந்த வாரம் போட்டுடறேன்ம்மா."

"போட்டுட்டுச் சொல்லுங்க."

மாலூர்க்காரர் ஒருவரிடமே நல்ல நாட்டு அவரை விதை வாங்கி, மருந்து மாயம் படாத விதை, ஒரு கோணியில் கட்டி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். "நீதான்டா எக்ஸ்பர்ட். நேர்த்தி பண்ணிக் குடு. இது ஃபெயிலாகக் கூடாது மச்சி."

அந்த நிமிடத்தில், "டேய், எனக்கு ஒரு மண்ணும் தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். "விட்ரா, பாத்துக்கலாம்" என்றேன்.

மானாவாரிக்கு விதைக் கடினப்படுத்துதல் என்று ஒரு முறை இருக்கிறது. நிஜமாகவே நல்ல முறை. விதையைச் சில மணி நேரம் தண்ணீரிலோ உப்புக் கரைசல் ஒன்றிலோ ஊறவைத்து, எடுத்து, பழைய உலர்ச்சி வரும்வரை நிழலில் காயவைக்க வேண்டும். விதைக்குள்ளே முளைக்கிற வேலை பாதி நடந்து நின்றிருக்கும். மண்ணில் விழுந்ததும் மீதியை மளமளவென்று முடித்துவிடும், மழை கொஞ்சம் ஏமாற்றினாலும் தாங்கும். எதில் ஊறவைப்பது என்று குழுவில் கேட்டது என் தப்பு. சாணமும் சுண்ணாம்பும் கரைத்த பீஜாமிர்தம் என்றார் ஒருவர். ஹைட்ரஜன் பெராக்சைடு என்றார் இன்னொருவர். பசுவின் கோமியம் நாட்டுப் பசுவினுடையதா என்று சான்றிதழ் கேட்டார் மூன்றாமவர். விதைக்கு வீணை இசை கேட்கவைக்கச் சொல்லி ஆடியோ ஃபைல் அனுப்பினார் ஆர்கிடெக்ட். எல்லோரையும் அனுசரித்து, ஆழ்ந்து யோசித்து, வெறும் தண்ணீரில் போட்டேன். கோமியம் தேடிப் போக வேண்டும், தண்ணீர் குழாயில் வருகிறது. குழுவில் "ஹைட்ரோ ப்ரைமிங் ஆரம்பம்" என்று செய்தி போட்டேன். பெயர் ஆங்கிலத்தில் இருந்ததால் யாரும் மறுக்கவில்லை.

நான் குடியிருப்பது ஜீவனஹள்ளியில், மாமியார் வீட்டு மாடியில். மாமனார் இல்லை, கீழே மாமியார் மட்டும். என் மனைவி அந்த வாரம் வேலை விஷயமாக ஹைதராபாத் போயிருந்தாள். மாமியாரின் கல்யாண அண்டா இரண்டு பரணில் இருந்தன. வியாழன் மாலை இரண்டிலும் பாதிப் பாதி அவரையைக் கொட்டித் தண்ணீர் விட்டேன். சில மணி நேரத்தில் எடுக்க வேண்டும். தூங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை எழுந்ததும் எடுக்க வேண்டும். ஆபீஸில் ரிலீஸ் என்று குளித்தும் குளிக்காமலும் ஓடினேன். திரும்பி வந்தபோது அவரை ஒவ்வொன்றும் என்னைப் போலவே உப்பியிருந்தது. தண்ணீரை வடித்தேன். உடனே காயப்போட்டிருக்க வேண்டும். ஆனால் அடுத்த பூச்சு என்ன என்று குழு முடிவு செய்யவில்லையே? ஈரக் கோணியை மேலே போட்டு மூடி, மாடிப் படி ஓரம் நகர்த்தி வைத்துவிட்டுப் படுத்தேன்.

இங்கே இந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெங்களூரில் ஒரு வீட்டில் அவரை ஊறினால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். ஊறிய அவரையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஓர் அமுக்கு. தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் போய் விழும். கன்னடக்காரர்கள் ஹிதுகபேளெ என்பார்கள், எங்கள் பக்கம் பிதுக்கம்பருப்பு. மார்கழி, தையில் பச்சை அவரை வரும்போது தெருத் தெருவாகப் பெண்கள் உட்கார்ந்து பிதுக்குவார்கள். மற்ற மாதங்களில் காய்ந்த அவரையை ஊறவைத்துப் பிதுக்குவார்கள். ஊறிய அவரையைப் பார்த்துவிட்டுப் பிதுக்காமல் கடந்துபோகிற பெண்மணி ஜீவனஹள்ளியில் பிறக்கவில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். குடியாத்தத்திலும் இதே கதைதான். தெரிந்தும், இரண்டு அண்டாவைப் படியோரம் வைத்துவிட்டுச் சனிக்கிழமை காலை கிளப் ஹவுஸுக்குப் போனேன்.

அன்றைய விவாதம் ரைசோபியம். அவரை, துவரை மாதிரிச் செடிகளின் வேரில் குடியேறி, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர். ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதைமேல் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. கஞ்சி பொன்னி அரிசியிலா, சாமையிலா என்பதில் குழு இரண்டாகப் பிளந்தது. சாமைக் கட்சிக்கு நான் தலைமை தாங்கினேன். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நண்பன் ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தான். நடுவில் அவனுக்கு நிலத்துக்காரரிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், சென்னாகி மளே பந்திதெ. பேக பன்னி சார். இவத்து ஹாக்பிட்ரெ சரி." நல்ல மழை பெய்திருக்கிறது, சீக்கிரம் வாருங்கள், இன்றைக்கே போட்டுவிட்டால் சரி என்கிறார் மனுஷன்.

"பர்த்தினி, பர்த்தினி" என்றான் நண்பன். வருகிறேன், வருகிறேன். இத்தனை வருட பெங்களூர் வாசத்தில் அவன் கற்றுக்கொண்ட ஒரே கன்னடச் சொல் அதுதான். அவனுக்கு வேறு சொல் தேவைப்பட்டதும் இல்லை.

கஞ்சி பற்றித் தீர்மானம் வராமலே கூட்டம் கலைந்தது. விதையை வாரிக்கொண்டு நேரே மாலூருக்குப் போவதென்று அவன் காரில் இருவரும் ஜீவனஹள்ளி வந்தோம். சந்து முனையிலேயே வாசனை வந்தது. தேங்காயும் கசகசாவும் அரைத்து விட்ட குழம்பு, அதன் அடியில் அவரைக்கே உரிய அந்த மண்வாசம்.

மாமியார் வாசலுக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. என் கல்யாணத்தன்றுகூட அவர் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

"வாங்க மாப்ள, வாங்க. ஃப்ரெண்டையும் இட்டுக்கினு வந்தீங்களா? ஊட்டா ஆச்சா ரெண்டு பேருக்கும்?"

"இன்னும் சாப்பிடலை அத்தை. அது என்ன வாசனை..."

"எல்லாம் உங்க வேலதான், ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதீங்க. பொண்ணு ஊர்ல இல்லியே, மாமியார் வாய்க்கு ருசியா இன்னா துன்னுவாளோன்னு ரெண்டு அண்டா அவரைய ஊறவெச்சு, தண்ணி வடிச்சு, கோணி போட்டு மூடி... இன்னா நீட்டு! நான் அக்கம் பக்கத்துல இத்தினி நாளா சொல்லிக்கினு இருந்தேன், எங்க மாப்ளைக்கு கம்ப்யூட்டர வுட்டா சுடுதண்ணி வெக்கத் தெரியாதுன்னு. என் வாய நானே அடிச்சுக்கணும்."

"அத்தை, அந்த அண்டா..."

"மொத அண்டா ஆச்சு. நானு, பக்கத்து வூட்டம்மா, எதிர் வூட்டம்மா, காத்தால குந்துனவங்க இப்பதான் எழுந்தோம். பாருங்க கட்டை வெரல." ஊறிச் சுருங்கிய விரலைக் காட்டினார். "அவங்களுக்கும் பங்கு குடுத்துட்டேன். சும்மா வேல வாங்க முடியுமா? அந்தம்மா சொல்றாங்க, இன்னா மாப்ள அமைஞ்சாரு உனக்குன்னு. எனக்கு ஒரே குஷி."

முதல் தடவையாக ஜீவனஹள்ளியில் எனக்கு நற்பெயர். அதுவும் எதற்கு என்று பாருங்கள்.

நண்பனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் படியோரத்து அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓர் அண்டா கழுவிக் கவிழ்த்திருந்தது. பக்கத்தில் முறத்தில் தோல் மலைபோல் குவிந்திருந்தது.

"மச்சி, அது..." என்றான்.

"உன்னுதுதான்டா" என்றேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். அந்த உரிமை அவனுக்கு இருந்தது. கையில் பூட்ஸ்கூட இருந்தது, வாசலில் அப்போதுதான் கழற்றியிருந்தான். அவன் அதை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தான். மாமியார் கேழ்வரகுக் களி உருண்டை ஒன்றை வைத்து, நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றினார். ஒரு வாய் போட்டான். இன்னொரு வாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

"எப்டிப்பா கீது?"

"சூப்பரா இருக்குதுங்கம்மா. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

அவன் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. துக்கமும் இல்லை. பரீட்சை தள்ளிப்போனது என்று நோட்டீஸ் போர்டில் பார்த்த பையனின் முகம் அது. ஒரு மாதமாக அவன் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கி, கைகழுவிக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் சாப்பிட உட்கார்ந்த மாதிரி இருந்தது. எனக்கு அவன்மேல் வந்த இளக்காரத்தை எப்படிச் சொல்ல? தன் விதையையே குழம்பில் தொட்டுக்கொண்டு சப்புக்கொட்டுகிறானே மனுஷன் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே என் தட்டில் விழுந்ததை நானும் சப்புக்கொட்டினேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, இரண்டாவது அண்டாவின் கோணியைத் தூக்கிப் பார்த்தேன்.

அவரைகளில் பலவற்றின் பக்கவாட்டில் வெள்ளையாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது. வேர். இத்தனை முட்டாள்தனத்துக்கு நடுவிலும், கஞ்சி எந்த அரிசியில் என்று தீர்மானம் வராமலும், விதை தன் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தது.

நான் கேட்ட அத்தனை வீடியோவிலும் நிஜமாக மண்டையில் ஏறியிருந்தது ஒன்று உண்டு. வேர் வெளியே வரும்வரை விதையை எத்தனை முறை வேண்டுமானாலும் யோசனைக்கு உட்படுத்தலாம். ஊறவைக்கலாம், காயவைக்கலாம், பூசலாம், டப்பாவில் போட்டு மூடலாம். வேர் வந்துவிட்டால் முடிந்தது. திரும்பக் காயவைத்தால் செத்துப்போகும். அதற்குப் பிறகு போக இடம் மண் ஒன்றுதான்.

"டேய், இங்க வா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நான் சீரியஸாகப் பேசி நானே கேட்டதில்லை. "முளை விட்டுருச்சு. இதக் காயவெக்க முடியாது. இன்னிக்கே மண்ணுல போட்டா வரும். பாதிச் சாலுக்குப் போதும். வேர் ஒடையாம அண்டாவோட கார்ல ஏத்து, நான் மடியில வெச்சுக்கறேன். கெளம்பு."

அவன் வந்து எட்டிப் பார்த்தான்.

"இப்பவா?"

"மழ பெஞ்சிருக்கு. சால் இருக்கு. அந்த மனுசன் காத்துக்கிட்டு இருக்காரு. இப்பதான்."

"கே.ஆர்.புரம் பாலத்துல மாட்டுனா இருட்டிரும் மச்சி."

"மாட்டலைன்னா?"

"பாதிச் சால் போட்டு, பாதிச் சால் சும்மா கெடந்தா நல்லாவா இருக்கும்?"

"எல்லாச் சாலும் சும்மா கெடக்கறதுக்கு நல்லா இருக்கும்."

அண்டாவிலிருந்து ஓர் அவரையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு, பாவி, என் கண்ணைப் பார்த்துச் சொன்னான்: "இன்னும் ரைசோபியம் பூசலியேடா. நீதான சொன்ன? நேர்த்தி பண்ணாம போட்டா எல்லாம் வேஸ்ட்டுன்னு. வீரியமே இருக்காதுன்னு."

கிளப் ஹவுஸில் காபி ஆறுவதற்குள் பேச எத்தனையோ சொல் இருந்தவனுக்கு, மாமியார் வீட்டு மாடிப்படியில் ஒரு சொல் கிடைக்கவில்லை. "அது நான் சும்மா சொன்னதுடா" என்று கடைசியில் சொன்னேன். நம்பவில்லை. மூன்று வருடமாக நான் சொன்ன ஒவ்வோர் உளறலையும் நம்பியவன், உண்மையைச் சொன்னபோது மட்டும் நம்பவில்லை.

அதற்குள் மாமியார் வந்து அண்டாவுக்குள் கையை விட்டார். "ஐயே, முளை வுட்டுச்சா? அப்ப சீக்கிரம் பிதுக்கணும் மாப்ள. வுட்டா கசந்துக்கும். இன்னா பண்றது, நான் ஒண்டியா எத்தினி பிதுக்குவேன்? கட்டை வெரலு விட்டுப்போச்சு. அந்த அம்மாங்களும் படுத்துட்டாங்க."

அவருக்கு இதெல்லாம் விதை என்று நான் சொல்லவே இல்லை. சொன்னால் பதறிப்போவார். பக்கத்து வீட்டில் கொடுத்த குழம்பைத் திருப்பிக் கேட்டாலும் கேட்பார். வந்த நற்பெயரை இழக்க எனக்கும் மனமில்லை.

நண்பனின் போன் அடித்தது. நிலத்துக்காரர் என்று நினைத்தேன். அவன் மனைவி. சந்துக்குள் டவர் சரியாகக் கிடைக்காது, ஸ்பீக்கரில் போட்டால்தான் கொஞ்சமாவது கேட்கும்.

"என்னங்க, மாலூர் போயிட்டீங்களா?"

"இல்லம்மா. இங்க ஜீவனஹள்ளியிலதான். வெதை எடுக்க வந்தோம்."

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டோம். என்னன்னா... கொஞ்சம் முளை விட்டுருச்சு."

"முளை விட்டா நல்லதுதானுங்க? சீக்கிரம் வருமில்ல?"

அவன் என்னைப் பார்த்தான். படியில் அவன் வைத்திருந்த கார் சாவியை எடுத்து அவன் முன்னால் நீட்டினேன். வாங்கிக்கொள்வான் என்று ஒரு கணம் நிஜமாகவே நம்பினேன். கை எழும்பக்கூட எழும்பியது.

"இல்ல, அதுக்கு இன்னும் ஒரு பூச்சு பாக்கி இருக்குது. அது இல்லாம போட்டா சரிப்படாதுன்னு இவன் சொல்றான்" என்றான்.

மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது. அவள் அழுவாள், கத்துவாள், என்னையாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரிங்க" என்றாள். "நீல சட்டையும் வெள்ளை சட்டையும் தொவைச்சுத்தான் கெடக்குது. திங்கக்கெழமைக்கு அயர்ன் பண்ணக் குடுத்துடறேன்."

வைத்துவிட்டாள்.

அவன் போனைப் படியில் வைத்தான். சட்டைக் கையை முழங்கை வரை மடித்தான். மண்ணில் இறங்க மடித்துப் பழகிய கையாக்கும், அழகாக மடித்தான். அண்டாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எப்படிங்கம்மா பிதுக்கறது, இப்படியா?" என்று மாமியாரைக் கேட்டான்.

"ஆங், அப்டிதான். மெதுவா. கண்ணுல பீச்சிக்கும்."

கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அண்டாவை நான் தூக்கிக்கொண்டு போகலாம். அவன் நிலம், அவன் சால், ஆனால் விதை என் பொறுப்பில்தானே இருந்தது? எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஆனால் மாலூர் போகும் பஸ் உண்டு. அண்டாவோடு பஸ்ஸில் ஏறும் காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்தேன். கண்டக்டர் என்ன சொல்வான், எங்கே இறங்குவது, எந்த ஆழத்தில் போடுவது, வேர் கீழே பார்க்கவேண்டுமா மேலேயா. வேர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று குழுவில் கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தேன். எடுத்தபோதுதான் என்ன செய்கிறேன் என்று எனக்கே உறைத்தது. போனைப் பாக்கெட்டில் போட்டேன். சாவியையும் போட்டேன். அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

முளைவிட்ட அவரை சுலபமாகப் பிதுங்குகிறது. தோல் ஏற்கெனவே விரிந்து நிற்கிறது, தொட்டால் போதும். அந்த வெள்ளை நுனி மட்டும் ஒடிந்து கட்டைவிரலில் ஒட்டிக்கொள்கிறது. அடிக்கடி துடைக்க வேண்டியிருந்தது. அவனும் துடைத்தான். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மாமியார் ஒரு தூக்குவாளியைக் கழுவிக்கொண்டு வந்து வைத்தார், அவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை நிலத்துக்காரர்தான். படியில் கிடந்து நடுங்கி நடுங்கி ஓரத்துக்கு நகர்ந்தது.

"யாருப்பா அது, எடுத்துப் பேசேன். பாவம் எத்தினி வாட்டி அடிப்பாங்க" என்றார் மாமியார்.

நண்பன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். விரல் நுனி வரை அவரைத் தோல் அப்பியிருந்தது.

"கை நல்லா இல்லீங்கம்மா" என்றான்.